பரிதிமாற்கலைஞர் : பத்தாண்டுப் பணியும் நூற்றாண்டுப் பயனும்

முதுகலை முதலாண்டு மாணவர் வகுப்பில் வந்தமரும் முதல் வாரத்தில் பரிதிமாற்கலைஞர் யார் என்று வினவுவது என் வழக்கம். விடை தயங்காமல் வரும். சூரியநாராயண சாஸ்திரி என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் என்பார் ஒருவர். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவியவர் என்பார் மற்றொருவர். அவர் இயற்றிய நூலொன்றை முழுமையாகப் படித்தவர் உண்டோ என்று அடுத்து வினவுவேன். வகுப்பு அமைதியில் ஆழ்ந்துவிடும்.

அவ்வமைதிக்காக மாணவரை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பரிதிமாற்கலைஞரின் கருத்தொன்றை மேற்கோளாகக் காட்டியிருந்தேன். அதனை அவருடைய நூலிலிருந்து நான் எடுக்கவில்லை. மற்றோர் ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருந்ததை எடுத்தாண்டேன். அவரும் எவரிடமிருந்து எடுத்தாரோ! மூல நூலை நான் முழுமையாகப் படித்தது பட்டம் பெற்ற பின்னரே. படித்தபோது மகிழ்ச்சியினும் நாணமே மிகுதியாயிற்று.

இன்று பல்கலைக்கழகங்களில் அறிஞரின் தகுதி எண்களால் அளக்கப்படுகின்றது. எத்தனை நூல் எழுதினார், எத்தனை கட்டுரை வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று கணக்கெடுக்கின்றனர். இவ்வளவுகோலைப் பரிதிமாற்கலைஞருக்கு வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலனாகும். நாடகம், நாடக இலக்கணம், கவிதை, புதினம், கட்டுரை, பதிப்பு, இதழியல், மொழிவரலாறு என எட்டுத் துறைகளில் உழைத்தவர் அவர். ஆயினும் நாம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுவது ஒரு கட்டுரையின் தலைப்பையும், ஒரு நூலின் ஒரு பகுதியையும், ஒரு புனைபெயரையுமே ஆகும். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், பத்தே ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி மறைந்த நம் மண்ணின் புலவர் ஒருவரது வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

மதுரை மாநகரின் தென்மேற்கே, பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்திற்கும் அண்மையில் அமைந்த ஊர் விளாச்சேரி. நவராத்திரிக் கொலுவிற்கு மண்பொம்மை செய்யும் கைவினைஞரால் இன்று பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரில் 1870 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6 ஆம் நாள் கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சூரியநாராயணர் பிறந்தார். வடமொழியைத் தந்தையாரிடமே கற்றார். பசுமலையிலும் மதுரையிலும் பள்ளிக் கல்வி பெற்றார். தமிழை மதுரைப் புலவர் சபாபதி முதலியாரிடம் முறையாகப் பாடம் கேட்டார்.

மூன்று கல்விமுறைகள் அவரிடத்தில் ஒன்று கூடின. வீட்டுத் திண்ணையில் வடமொழிக் கல்வி. புலவர் முன்னமர்ந்து பாடம் கேட்கும் மரபுவழித் தமிழ்க் கல்வி. பள்ளி வழியாக வந்த ஆங்கிலக் கல்வி. இம்மூன்றும் அக்காலத்தில் பெரும்பாலும் தனித்தனியே ஓடிய நீரோட்டங்கள். மூன்றிலும் முழுகி எழுந்தவர் மிகச் சிலரே. பிற்காலத்தில் அவர் பல துறைகளில் கால் வைத்தமைக்கு வேர் இங்கேதான் உள்ளது.

மதுரையில் இடைநிலைக் கல்லூரிக் கல்வியைச் சிறப்புற முடித்து, இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரின் உதவித்தொகையும் பெற்று, 1890 இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இளங்கலை வகுப்பிற் சேர்ந்தார். கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லர் ஆங்கில இலக்கியத்தில் பெரும்புலமை வாய்ந்தவர். வகுப்பில் அவர் டெனிசன் கவிதையொன்றைக் கற்பித்தபோது, துடுப்பசைத்துச் செல்லும் படகினை அன்னத்திற்கு ஒப்பிட்ட நயத்தை வியந்து பாராட்டினாராம். மாணவராகிய சூரியநாராயணர் எழுந்து, அவ்வுவமையைக் கம்பர் குகன் ஓட்டிய நாவாய்க்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறியுள்ளார் என்று விளக்கினாராம். ஆசிரியர் சினவாமல் மகிழ்ந்தார் என்று வரலாறு கூறுவோர் எழுதுவர். இதனைத் தமிழ்ப் பெருமை பேசும் கதையாக மட்டும் கொள்ளுதல் சாலாது. இரு மொழியின் இரு கவிதைகளை ஒரே தட்டில் நிறுத்துப் பார்க்கும் ஒப்பீட்டு நோக்கு அம்மாணவரிடம் அப்போதே முளைவிட்டிருந்தது என்பதே கருதத்தக்கது.

1892 இல் பட்டத் தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் சிறந்து விளங்கினார். அடுத்த ஆண்டே அக்கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. அதனை விடுத்துத் தமிழாசிரியர் பணியையே வேண்டிப் பெற்றார். தமிழாசிரியர்க்குப் பிற துறை ஆசிரியர்க்குரிய மதிப்பில்லாத காலம் அது. பட்டம் பெற்ற ஒருவர் தாமாக விரும்பி அந்நாற்காலியில் அமர்ந்ததே அந்நாற்காலியின் உயரத்தைக் கூட்டியது எனலாம். ஈராண்டுகளுள் தமிழ்த் துறையின் தலைவரானார். கல்லூரி நேரம் போக, தமிழைச் சிறப்பாகக் கற்க விழைந்தோரைத் தம் இல்லத்திற்கு அழைத்துப் பொருள் பெறாது கற்பித்தார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயரும் சூட்டினார். அவருடைய தமிழ்ப் புலமையைக் கண்ட யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை திராவிட சாஸ்திரி என்னும் சிறப்புப் பெயரை வழங்கினார்.

1898 இல் அக்கல்லூரித் தமிழாசிரியர் பணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்னும் இளைஞர் வந்தார். நேர்காணலில் குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டினார் சாஸ்திரியார். அஃது எனக்குத் தெரியாது என விடையிறுத்தார் இளைஞர். உடனிருந்தோர் திகைத்தனர், சாஸ்திரியாரோ அவரையே தேர்ந்தெடுத்தார். அவ்விடையிலுள்ள மூன்று சொற்களும் மூவகைக் குற்றியலுகரங்கள் என்பதை உணர்ந்தவர் அவ்வறையில் அவ்விருவர் மட்டுமே என்று கூறுவர். அவ்விளைஞரே பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்றார்.

பன்முகப் படைப்புகள்

சாஸ்திரியாரின் நூல் வெளியீட்டுக் காலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே. அதற்குள் அவர் செய்தவற்றைத் துறைதோறும் பிரித்து நோக்கலாம்.

முதலாவது நாடகம். 1891 இல் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகத்தைக் கற்றோர் இகழ்ந்த நிலை மாறத் தொடங்கிய காலம் அது. சாஸ்திரியார் 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிஜயம்' ஆகிய நாடகங்களை இயற்றினார். மூன்றாவது நாடகம் களவழி நாற்பதோடு தொடர்புடைய பொய்கையாரையும் சேரமான் கணைக்கால் இரும்பொறையையும் கதைமாந்தராகக் கொண்டது. பழந்தமிழ்ச் செய்தியொன்றை நாடகத்திற்குப் பொருளாக்க முடியும் என்று அவர் காட்டிய வழி பின்னர்ப் பலர் நடந்த வழியாயிற்று.

இரண்டாவது நாடக இலக்கணம். 1897 இல் வெளிவந்த 'நாடகவியல்' செய்யுளால் இயன்ற இலக்கண நூல். முத்தமிழுள் இயலுக்கு இலக்கணம் நிறைந்திருக்க, நாடகத்தமிழின் பழைய இலக்கண நூல்கள் பெயரளவில் மட்டுமே எஞ்சின. அக்குறையை நிரப்ப எண்ணிய சாஸ்திரியார் வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடக மரபையும் கற்று, தமிழ் இலக்கண நூலுக்குரிய வடிவிலேயே புதிய நூலை யாத்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு.

மூன்றாவது கவிதை. பதினான்கு அடிகளில் ஒரு கருத்தை எழுப்பி, திருப்பி, முடிக்கும் ஆங்கில வடிவத்தைத் தமிழ் யாப்பில் அமைத்துத் தனிப்பாசுரங்கள் என்று பெயரிட்டார். அத்தொகுதிக்கே 'தனிப்பாசுரத் தொகை' என்று பெயர். ஜி. யு. போப் அதனைப் பாராட்டி ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'பாவலர் விருந்து' மற்றொரு கவிதை நூல். இவற்றிற்கு மறுகரையில், எழுத்துகளைப் படமாக அடுக்கும் பழைய சித்திரகவியிலும் அவர்க்கு ஈடுபாடு இருந்தது. அதற்கு விளக்கநூலும் எழுதினார். புதுமை செய்பவர் பழமையை வெறுத்தே ஆகவேண்டும் என்னும் நம் காலத்து எண்ணத்திற்கு அவர் உட்பட்டவரல்லர்.

நான்காவது புதினம். 'மதிவாணன்' செந்தமிழ் நடையில் அமைந்த கதை. அக்காலத்தே வத்தலக்குண்டு ராஜமய்யர் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் நம் வட்டாரத்து மக்களின் பேச்சையும் வாழ்வையும் உயிரோடு எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் மதுரைப் பகுதியினர்; இருவரும் கிறித்துவக் கல்லூரியிற் பயின்றவர்; இருவரும் இளமையில் மறைந்தனர். தமிழ் உரைநடைக் கதை எவ்வழிச் செல்லும் என்னும் கேள்விக்கு இருவரும் இருவேறு விடையளித்தனர். காலம் ராஜமய்யரின் விடையைத் தேர்ந்துகொண்டது.

ஐந்தாவது பதிப்பு. கலிங்கத்துப்பரணியை 1898 இலும் நளவெண்பாவை 1899 இலும் பதிப்பித்தார். மகாலிங்கையர் இயற்றிய இலக்கணச் சுருக்கத்தையும், உத்தரகோசமங்கை மங்களேசுவரி பிள்ளைத்தமிழையும் வெளியிட்டார். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பேரிலக்கியங்களை மீட்டுக்கொண்டிருந்த காலத்தில், கற்பிப்பதற்கு உரிய நூல்களைச் செம்மையாக மாணவர் கையில் சேர்க்கும் பணியை இவர் மேற்கொண்டார்.

ஆறாவது இதழியல். 1897 இல் ஆங்கிலப் பேராசிரியர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து 'ஞானபோதினி' இதழை நடத்தினார். தமிழ்த் துறையினரும் ஆங்கிலத் துறையினரும் தோளோடு தோள் நின்று ஓர் இதழை நடத்தியது இன்றைக்கும் அரிய காட்சியே.

ஏழாவது கட்டுரை. 'தமிழ் வியாசங்கள்', 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' என்பன இவ்வகையின. எட்டாவது மொழிவரலாறு. 1903 இல் வெளிவந்த 'தமிழ் மொழியின் வரலாறு' அவர்தம் வாழ்நாளின் இறுதிப் பெருநூல்.

பெயரின் கதை

சூரியன் என்பது பரிதி. நாராயணன் என்பது மால். சாஸ்திரி என்பது கலைஞர். பரிதி, மால், கலைஞர் என்பன புணர்ந்து, லகரம் றகரமாகத் திரிந்து, பரிதிமாற்கலைஞர் என்றாயிற்று. பள்ளி மாணவரும் அறிந்த செய்தி இது. ஆயின் அப்பெயர் எப்பொழுது, எதன்பொருட்டு வந்தது என்பதைப் பலரும் கருதுவதில்லை.

தனிப்பாசுரங்களை வெளியிட்டபோது அவர் பெயர் பெற்ற கல்லூரி ஆசிரியர். தம் இயற்பெயரோடு வெளியிட்டால் அறிஞர் தம்மை அறிந்தவாறே பாக்களையும் மதிப்பர். நட்புடையோர் புகழ்வர், பகையுடையோர் இகழ்வர். பாக்களின் உண்மையான தகுதி தமக்குத் தெரியவராது என்று எண்ணினார். எனவே பெயரை மறைக்க ஒரு பெயரைப் புனைந்தார். இன்று ஆய்விதழ்களில் கட்டுரையாளர் பெயரை நீக்கி மதிப்பீட்டாளர்க்கு அனுப்பும் முறையைப் பெரிய ஒழுங்காகப் போற்றுகிறோம். அவ்வொழுங்கை ஒரு தமிழ்க் கவிஞர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்.

பிற்காலம் இதனைத் தலைகீழாக்கிவிட்டது. 1916 இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின், இப்புனைபெயர் அவ்வியக்கத்தின் முன்னோடிச் சின்னமாகப் போற்றப்பட்டது. முன்னோடி என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சொல்லாக்கத்தின் சுவையையும் தமிழின் ஆற்றலையும் அப்பெயர் ஒரே மூச்சில் காட்டிவிட்டது. ஆனால் அவர் தூய தமிழில் மட்டுமே எழுதினார் என்று கொள்வது பிழை. ரூபாவதி, கலாவதி, மானவிஜயம், வியாசம், சரித்திரம், ஞானபோதினி என அவர் இட்ட பெயர்களே அதற்குச் சான்று. மொழிவரலாற்று நூலிலும் பாஷை, விஷயம் முதலிய சொற்கள் இயல்பாக வருகின்றன. பெரும்பான்மையான நூல்கள் சூரியநாராயண சாஸ்திரி என்னும் பெயராலேயே வெளிவந்தன. பாக்களை நாம் மதிப்பதற்காகப் பெயரை மறைத்தார் அவர். நாமோ பெயரை வைத்துக்கொண்டு பாக்களை மறந்தோம்.

செம்மொழிக் குரல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வரைந்த 'உயர்தனிச் செம்மொழி' என்னும் கட்டுரை அளவிற் சிறியது, பயனிற் பெரியது. கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் தமிழின் தனித்து நிற்கும் இயல்பைக் காட்டியிருந்தது. சாஸ்திரியார் அதனினும் ஒரு படி மேற்சென்று, உயர்மொழி, தனிமொழி, செம்மொழி என்னும் மூன்றையும் வரையறுத்தார். சூழவுள்ள மொழிகளினும் மேம்பட்டு நிற்பது, பிறமொழியின் துணையின்றி இயங்குவது, பண்பட்ட நாகரிகமும் தூய்மையும் வாய்ந்திருப்பது என்பன அவர் கொண்ட கூறுகள். மூன்றும் தமிழுக்குப் பொருந்துவதைக் காட்டி, வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றோடு ஒப்ப வைத்தெண்ண வேண்டும் என்றார். பெருமிதத்தைச் சொல்லாமல் வரையறையைச் சொன்னதே இக்கட்டுரையின் வலிமை. வரையறை இருந்தமையால்தான் அதனை அடியொற்றிப் பிறர் வாதிட இயன்றது.

எழுதியதோடு அவர் அமையவில்லை. 1902 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கி வடமொழிக்கு இடமளிக்கும் முயற்சி எழுந்தது. சாஸ்திரியாரும் பூரணலிங்கம் பிள்ளையும் அம்முடிவை எடுக்கவல்லோரை நேரிற் கண்டு வாதிட்டனர். பாண்டித்துரைத் தேவர் 1901 இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் எதிர்ப்பைத் தெரிவித்தது. முயற்சி கைவிடப்பட்டது. இன்று தமிழ்த்துறை வகுப்பறைகளில் நின்று பேசும் நாம் அனைவரும் அவ்வாண்டின் அவ்வுழைப்புக்குக் கடன்பட்டவர்கள். இக்கடன் எம்மேற்கோள் கணக்கிலும் பதிவாவதில்லை.

2004 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. அவர் எழுதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களிலும் கோரிக்கை மடல்களிலும் அவர் பெயர் இடம்பெற்றது. 2006 இல் தமிழ்நாட்டரசு அவர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கியது; விளாச்சேரியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாயிற்று; 2007 இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது.

மேற்கோளும் வாசிப்பும்

இனி, துறைதோறும் அவர் விளைத்த பயனை நடுநிலையில் எண்ணிப் பார்க்கலாம்.

நாடகத் துறையில் அவர் படைப்புகள் மேடையில் நிலைபெறவில்லை. அவருடைய காலத்தவரான சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களோ ஊர்தோறும் ஒலித்தன. சுவாமிகள் 1918 இல் மதுரையில் நிறுவிய பாலர் சபை வழியே தலைமுறைகள் நடிப்புப் பயின்றன. சாஸ்திரியாரின் செய்யுள் நடை படிப்பறைக்குரியதாகவே நின்றுவிட்டது. ஆனால் 'நாடகவியல்' எழுப்பிய வினா நிலைத்தது. தமிழுக்கு நாடக இலக்கணம் வேண்டும் என்னும் அவ்வேட்கை தொடர்ந்தது. விபுலாநந்த அடிகள் 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் ஆற்றிய உரை 1926 இல் 'மதங்க சூளாமணி' என்று நூலாயிற்று. ஒரு நூல் தோற்பதும் அதன் வினா வெல்வதும் இலக்கிய வரலாற்றில் ஒருங்கே நிகழக்கூடியவை.

கவிதைத் துறையில் தனிப்பாசுரம் தனி மரபாக வளரவில்லை. அவர் மறைந்த அடுத்த ஆண்டில், 1904 இல், மதுரை 'விவேகபாநு' இதழில் பாரதியின் 'தனிமை இரக்கம்' அச்சேறியது. சாஸ்திரியாரிலிருந்து பாரதிக்கு நேர்கோடு வரைவது துணிபாகாது. புதிய வடிவங்களைத் தமிழ் யாப்பு ஏற்கும் என்று அறிவதற்கு ஒருவர் முன்னரே முயன்றிருந்தார் என்பது மட்டும் உறுதி. முதலில் முயல்பவர் பெரும்பாலும் வெல்பவராக இருப்பதில்லை. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனை என்னினும் நன்கறிவர்.

மொழிவரலாற்றில்தான் மேற்கோளின் விளைவு மிகவும் சிக்கலானது. வடமொழியாளர் தமிழரிடமிருந்த பொருள்களைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டு, அவை தம்மிடமிருந்தே தமிழுக்கு வந்தனபோலக் காட்டினர் என்னும் கருத்து அந்நூலில் ஓரிடத்தில் வருகின்றது. அந்தணர் குலத்திற் பிறந்து வடமொழி வல்லவராகவும் விளங்கிய ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதால் அப்பகுதி எண்ணற்ற முறை எடுத்துக்காட்டப்பட்டது. நான் என் ஆய்வேட்டில் எடுத்தாண்டதும் அதுவே. நூல் முழுவதையும் படித்தபோது அவர் வடமொழிக் கலப்பை நிதானமாக ஆராய்வதையும், மொழி மாறுபடும் முறைகளைப் பொதுவாக விளக்குவதையும், நாடகத்தமிழ்க்கு வடநூல்களைக் கற்றுப் பயன்கொண்டவர் அவரே என்பதையும் சேர்த்தெண்ண வேண்டியதாயிற்று. அவ்வொரு பகுதியை மட்டும் அறிந்தோர் அவரைப் போராளியாகக் காண்பர். நூலை அறிந்தோர் ஆராய்ச்சியாளராகக் காண்பர். அவர் இருவருமாக இருந்தார். வெட்டியெடுத்த மேற்கோள் அவருடைய ஒரு பாதியை மறைத்துவிட்டது.

அந்நூலில் காலம் கடந்துவிட்ட பகுதிகளும் உண்டு. தமிழெழுத்தின் பழைமை பற்றி அவர் எண்ணிய நாளில், தாம் பிறந்த ஊரை அடுத்த திருப்பரங்குன்றத்துக் குகைக் கல்வெட்டு முதலிய மதுரைச் சுற்றுவட்டாரத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் தமிழென்று படித்தறியப்படவில்லை. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் அக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று காட்டினார். ஐராவதம் மகாதேவனின் பெருநூல் 2003 இல், சாஸ்திரியாரின் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு நிறைந்தபோது வந்தது. பின்னர் வைகைக் கரைக் கீழடியும் பேசத் தொடங்கியது. சிறு வயதில் அவர் அன்றாடம் கண்ட குன்றிலேயே அவர் தேடிய சான்றுகளுள் ஒன்று கிடந்தது. கண்ணெதிரே இருந்தும் படிக்கப்படாமல் கிடந்தது. அவருடைய நூல்களும் இன்று அந்நிலையிலேயே உள்ளன.

அவர் ஏற்படுத்திய பெரும்பயன் மாந்தரிடத்தே என்று கூறத் தோன்றுகிறது. அவர் தேர்ந்தெடுத்த வேதாசலனார் தமிழ் உரைநடையின் போக்கையே மாற்றினார். அவரோடு உழைத்த பூரணலிங்கம் பிள்ளை 1904 இல் தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். ஓர் ஆசிரியரின் செல்வாக்கு அடிக்குறிப்புகளில் தங்குவதைவிட மாணவரிடத்தும் நண்பரிடத்தும் தங்குவதே மிகுதி.

மறைவு

காசநோய் அவரைப் பற்றியது. 1903 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2 ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அகவை முப்பத்து மூன்று. மொழியின் வரலாற்றை எழுதிய ஆண்டே அவர் வாழ்வின் இறுதியாண்டாயிற்று. தாம் வேண்டிய செம்மொழித் தகுதியையும், தம் மாணவர் தலைமுறை எழுப்பிய இயக்கங்களையும் அவர் காணவில்லை. நாற்பது அகவையைக் கடந்தபின் அவர் நூல்களை எடுத்துப் படிக்கும் என்னைப் போன்றோர்க்கு ஒரு கூச்சம் உண்டாகின்றது. நமக்கு வாய்த்த ஆண்டுகள் அவர்க்கு வாய்க்கவில்லை. நம் நூலகங்களும் அச்சுக்கூடங்களும் பயண வசதிகளும் அவர்க்கு இல்லை. பத்தாண்டில் அவர் நட்ட எட்டு நாற்றுகளில் சில பட்டுப்போயின. சில வேறு நிலத்தில் வேறு பெயரில் வளர்ந்தன. ஒன்று நாடறிய நிழல் தருகின்றது.

நம் வட்டம் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை கூட்டம் நடத்தியது, எத்தனை நூல் வெளியிட்டது என்னும் கணக்கு இம்மலரின் பிற பக்கங்களில் இருக்கும். அக்கணக்கு வேண்டியதே. அதனோடு மற்றொன்றையும் வட்டத்து அன்பர்முன் வைக்க விழைகிறேன். அடுத்து வரும் மாதக் கூட்டங்களுள் ஒன்றை விளாச்சேரி நினைவில்லத்தில் கூட்டுவோம். சொற்பொழிவு வேண்டா. தனிப்பாசுரங்களை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்போம். ஆசிரியர் யார் என்பதைச் சற்றே மறந்து, பா நன்றா, நன்றன்றா என்று மட்டும் பேசுவோம். சிலவற்றை நாம் ஏற்காமலும் போகலாம். அதுவே பரிதிமாற்கலைஞர் தம் பெயரை மறைத்து நம்மிடம் வேண்டிய மதிப்பீடு. அது இன்னும் நம்மால் வழங்கப்படாமலே இருக்கின்றது.